பழைய கார் எஞ்சினில் கசடும் ஆயில் கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமாராக 1930களிலிருந்து 1970கள் வரை வந்த, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின்களைப் பற்றிய பக்கம் இது. கசடைத் தனி வியாதியாகவும் கசிவைத் தனி வியாதியாகவும் பார்த்து, ஒன்றுக்கு மருந்தும் மற்றதற்குப் புது சீலும் வாங்குகிறவர்கள் அதிகம். பல எஞ்சின்களில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

எஞ்சினைப் பிரிக்காமலே உள்ளே கசடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ராக்கர்களின் (வால்வுகளைத் தட்டித் திறக்கும் கைகள்) உலோகம் பழுப்புச் சாயம் ஏறித் தெரிந்தால் கவலை வேண்டாம். அது வார்னிஷ், பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர வேலையைக் கெடுக்காது. விரலில் ஒட்டி வரும் கறுப்புப் பசையோ, பாளமாகப் பெயரும் கரியோ இருந்தால் அதுதான் கசடு.

டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். நேற்று மாற்றிய ஆயில் இன்று தெளிவாகத்தான் இருக்கும். கசடு கிடப்பது சம்பின், அதாவது எஞ்சினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியின், அடியில். அடுத்த முறை ஆயிலை வடித்ததும், டிரெய்ன் துளை வழியாக நுனி வளைத்த கம்பி ஒன்றை விட்டு அடித்தகட்டைத் தடவிப் பாருங்கள். தகரத்தில் கம்பி உரசும் சத்தம் கேட்டால் நல்லது. மெத்தென்று எதிலாவது புதைந்தால், சம்பைக் கழற்றும் வேலை காத்திருக்கிறது.

ஆயில் பிரஷரிலும் ஒரு அறிகுறி உண்டு. வேகமாக ஓட்டும்போது பிரஷர் மெல்ல விழுகிறது, வண்டியை நிறுத்திச் சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் திரும்ப வருகிறது என்றால், ஆயில் பம்பின் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டி வலை அடைபட ஆரம்பித்திருக்கலாம். அந்த நிலையில் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

இவ்வளவு கசடு எங்கிருந்து வருகிறது?

பாதிப் பழி தண்ணீருக்கு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கிராங்க் என்ற சுழல்தண்டு இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். கூடவே எரியாத பெட்ரோல், கரிப்பொடி, அமிலத் தன்மையுள்ள வாயுக்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். சூடாகாவிட்டால் எல்லாம் ஆயிலோடு கலந்து பசையாகும்.

சூடாகாமல் போவதற்குக் காரணங்கள் பல. தினமும் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி, சரியாக மூடித் திறக்காத சோக், 'எஞ்சின் சூடாகிறது' என்று யாரோ கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் வருடக் கணக்கில் அரைச் சூட்டிலேயே ஓடும். ராக்கர் கவரைத் திறந்தால் அந்தக் கதை தெரிந்துவிடும்.

கொட்டகையில் நிற்கும் காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதும் இதே வகைதான். அக்கறையாகச் செய்கிற காரியம், ஆனால் கெடுதல். அந்த ஐந்து நிமிடத்தில் தண்ணீர் உள்ளே சேருமே தவிர வெளியேறாது. ஒன்று, அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

அப்புறம் அந்தக் கால ஆயில். டிடர்ஜென்ட் சேர்க்காத ஆயில் அழுக்கைத் தன்னோடு சுமக்காது, போகிற வழியெல்லாம் இறக்கி வைத்துவிடும். ஃபில்டரும் அப்போது அரைகுறைதான். பல எஞ்சின்களில் ஆயிலின் ஒரு சிறு பங்கு மட்டுமே ஃபில்டர் வழியாகப் போகும் பைபாஸ் முறை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஃபில்டரே கிடையாது. வலை போட்ட ஸ்ட்ரெய்னரும் 2.5 லிட்டர் ஆயிலும்தான். ஃபியட் 850இல் கிராங்க் புல்லிக்குள் சுழற்சி வேகத்தில் அழுக்கைப் பிரிக்கும் ஏற்பாடு உண்டு. அதைத் திறந்து துடைக்க வேண்டும் என்பது தெரியாமலே பல கைகள் மாறிய கார்கள் இருக்கின்றன.

ஆயில் மூடிக்கு அடியில் வெளிர் பழுப்பில் நுரைத்த பசை ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா?

ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அவசரப்பட்டு ஹெட்டைத் தூக்காதீர்கள். மூடியும் ராக்கர் கவரும்தான் எஞ்சினிலேயே குளிர்ச்சியான இடங்கள். ஆவி அங்கேதான் படிந்து ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். மூடியில் மட்டும் இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சாதாரணமாக இருந்தால், துடைத்துவிட்டு ஒரு நல்ல நீண்ட ஓட்டம் போய்வந்து மறுபடி பாருங்கள்.

டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, அல்லது ஆயில் மட்டம் ஏறுகிறது என்றால் விஷயம் வேறு. ஹெட் கேஸ்கெட்டோ, விரிசலோ. எஞ்சினை ஓட்டாமல் காரணத்தைப் பாருங்கள். ஆயிலில் கூலன்ட் கலந்தால் பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

கடையில் விற்கும் ஃப்ளஷ் மருந்தை ஊற்றினால் போதாதா?

வரலாறு தெரிந்த, ஓரளவு சுத்தமான எஞ்சினுக்குப் போட்டால் பெரிய ஆபத்து இல்லை. பெரிய பயனும் இல்லை. வரலாறு தெரியாத எஞ்சினுக்கு நான் போட மாட்டேன். பல வருடங்களாக இறுகிய கசடை ஃப்ளஷ் முழுதாகக் கரைப்பதில்லை. ஓரங்களை இளக்கிக் கட்டி கட்டியாகப் பெயர்க்கிறது. அந்தக் கட்டிகள் நேராகப் போய்ச் சேரும் இடம் ஸ்ட்ரெய்னர் வலை. வலை அடைபட்டால் பம்புக்கு ஆயில் இல்லை, பேரிங்குக்கும் இல்லை. ஒரு மணி நேர வேலையைத் தவிர்க்கப் போய் கிராங்க்கைக் கழற்றும் நிலை வரும்.

சம்பில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிடுவது பழைய பட்டறை வழக்கம்தானே?

வழக்கம்தான். தப்பித்த எஞ்சின்களும் உண்டு. ஆனால் மண்ணெண்ணெய் கலந்த ஆயிலுக்கு பேரிங்கைத் தாங்கும் கனம் இல்லை. மேலே சொன்ன கட்டி பெயரும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்குச் சரியான இடம் சம்பைக் கழற்றிய பிறகு, தூரிகையின் நுனியில். பெட்ரோலை அந்த இடத்திலும் பயன்படுத்தாதீர்கள். மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடுவது பெட்ரோல். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மூடிய கொட்டகையில் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது?

கையால், மேலிருந்து கீழாக.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டாண்டுகள் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிடுங்கள். பிறகு ஆறவிட்டு சம்பைக் கழற்றுங்கள். சில கார்களில் இதற்கு எஞ்சினைச் சற்றுத் தூக்கவோ குறுக்குச் சட்டத்தை இறக்கவோ வேண்டியிருக்கும். முதலிலேயே பார்த்துக்கொண்டால் பாதியில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

சம்ப் கையில் வந்ததும் உடனே கழுவ வேண்டாம். அந்தக் கசடு எஞ்சினின் மருத்துவ அறிக்கை. ஒரு காந்தத்தை அதில் இழுத்துப் பாருங்கள். ஒட்டுகிற இரும்புத் தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. செதில்கள் வந்தால் கியரோ, வால்வுகளை இயக்கும் கேமோ டாப்பெட்டோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத, ஈயம் போன்ற சாம்பல் நிறத் துணுக்குகள் பேரிங் பூச்சு. செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு போய் அடுத்த அடுக்கு தேய்கிறது என்று அர்த்தம். கேஸ்கெட் சிலிகான் துண்டுகள் கிடந்தால், உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடும்.

இப்போது மேலே வாருங்கள். ராக்கர் கவரைக் கழற்றி, ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்கும் துளைகளைத் துணித் துண்டுகளால் அடையுங்கள். எத்தனை துண்டு வைத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் கசடைச் சுரண்டி வெளியே எடுங்கள்; உள்ளே தள்ளாதீர்கள். கம்பித் தூரிகை கூடாது, உதிர்கிற ஒரு கம்பி போதும் வம்பை இழுக்க. பஞ்சு உதிரும் துணியும் கூடாது. பெரும்பகுதி போனதும் துணிகளை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் தோய்த்த மெல்லிய நைலான் தூரிகையை அந்தத் துளைகளுக்குள் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சம்ப் கழன்றிருப்பதால் அழுக்கு நேராகக் கீழே வைத்த தட்டில் விழும்.

அந்தத் துளைகளுக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். அவை அடைபட்டால் மேலே ஏறிய ஆயில் இறங்காது. ராக்கர் கவருக்குள் குளமாகத் தேங்கி, ஒரு பக்கம் பேக்கிங் (கேஸ்கெட்) வழியாக வெளியே வழியும். இன்னொரு பக்கம் வால்வ் கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) வழியாக உள்ளே இறங்கிப் புகையாகும். புது பேக்கிங் போட்டாலும் நிற்காத கசிவுகளில் பல இப்படி வருபவை.

ராக்கர் ஷாஃப்ட் உள்ளே குழல் போன்றது. முனை அடைப்பைக் கழற்றிப் பார்த்தால் பழைய எஞ்சின்களில் பாதிக்கு மேல் கசடால் நிரம்பியிருக்கும். ராக்கர்கள் கிறீச்சிடுகின்றன, சீக்கிரம் தேய்கின்றன என்றால் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கவாட்டில் டாப்பெட் அறைக்குத் தகர மூடி இருந்தால் அதையும் திறந்து சுத்தம் செய்யுங்கள்.

கீழே ஸ்ட்ரெய்னரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். வலையில் கம்பியால் குத்தி ஓட்டை போடாதீர்கள். ஸ்ட்ரெய்னர் பம்போடு சேரும் இடத்தின் கேஸ்கெட் முக்கியம். அங்கே காற்றை உறிஞ்சினால் பிரஷர் ஆட்டம் காட்டும். பிரஷர் ரிலீஃப் வால்வின் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் தடையில்லாமல் நகர்கின்றனவா என்று பாருங்கள். கிராங்க்குக்குள் கசடு சேரும் அறைகள் சில எஞ்சின்களில் உண்டு. அவற்றை எஞ்சின் முழுதாகப் பிரியும்போது மட்டுமே திறக்க முடியும். இந்த வேலையில் தொட வேண்டாம்.

எஞ்சினை முழுதாகப் பிரித்துவிட்டீர்கள் என்றால், ஆயில் போகும் வழிகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றி நீண்ட தூரிகையால் தேய்த்து, சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, காற்றடித்து, உடனே எண்ணெய் பூசுங்கள். பத்து நிமிடம் தாமதித்தாலும் துருவின் சாயம் ஏறிவிடும். காஸ்டிக் சோடா தொட்டி இரும்புக்கு மட்டும். அலுமினியப் பாகத்தை அதில் போட்டால் அது அரித்துப்போகும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும்.

மறுபடி பூட்டிய பிறகு நேராக ஸ்டார்ட் செய்யலாமா?

வேண்டாம். பம்பைத் திறந்திருந்தால் அதன் கியர்களுக்கு இடையில் பெட்ரோலியம் ஜெல்லியை நிரப்பிப் பூட்டுங்கள். அப்போதுதான் பம்ப் ஆயிலைச் சட்டென்று இழுக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, பிரஷர் காட்டும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் பேரிங்கின் மேல் சுமை குறைவு. பிரஷர் வந்த பிறகு பிளக்கைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதல் ஆயிலை 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள்.

பழைய எஞ்சினில் டிடர்ஜென்ட் ஆயில் போட்டால் எஞ்சினே போய்விடும் என்கிறார்களே?

அதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆயுள் முழுக்க டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் ஓடி, உள்ளே கசடு நிரம்பிய எஞ்சினில் திடீரென்று மாற்றினால், அழுக்கு இளகிச் சுற்ற ஆரம்பிக்கும். ஃபில்டர் இல்லாத எஞ்சினுக்கு அது பேரிங் வழியாகத்தான் பயணம். ஆனால் இதற்குத் தீர்வு அந்தப் பழைய ஆயிலிலேயே காலம் தள்ளுவது இல்லை. சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு மாறுங்கள்.

மாறிய பின் ஆயில் சீக்கிரம் கறுக்கும். பயப்பட வேண்டாம், ஆயில் வேலை செய்கிறது என்று அர்த்தம். முதல் சில முறை 500, பிறகு 1000 கிலோமீட்டர் என்று மாற்றி வந்தால், மிச்சமிருக்கும் கசடு மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறும். ஃப்ளஷ் ஒரு மணி நேரத்தில் செய்யப் பார்ப்பதை இது சில மாதங்களில், ஆபத்தில்லாமல் செய்யும்.

சுத்தம் செய்யும்வரை ஒரு சொட்டு கசியவில்லை. சுத்தம் செய்ததும் கசிகிறது. ஏன்?

கசடுதான் இத்தனை நாள் அடைப்பாக இருந்தது. காய்ந்து சுருங்கிய கார்க் பேக்கிங், விறைத்துப்போன சீல் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்திருந்தன. சுத்தம் செய்தது தவறு என்று நினைக்க வேண்டாம். உள்ளதை உள்ளபடி இப்போதுதான் பார்க்கிறீர்கள்.

தரையில் சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா?

இரவில் வெள்ளை அட்டையைக் காரின் அடியில் விரித்து, சக்கரம் இருக்கும் திசையையும் எஞ்சின் இருக்கும் திசையையும் அதில் குறித்து வையுங்கள். காலையில் நிறமும் மணமும் சொல்லும். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில். வழுவழுப்பாக, தண்ணீர் ஊற்றினால் கலந்துவிடும் இளமஞ்சள் திரவம் பிரேக் ஆயில். அது கிளட்ச் சிலிண்டரிலிருந்தும் வரலாம். பிரேக் ஆயில் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்கள்.

எஞ்சின் ஆயில்தான். எங்கிருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலே எங்கோ கிளம்பி, ஃபேன் காற்றிலும் ஓட்டக் காற்றிலும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கடைசியாக எது தாழ்வான முனையோ அங்கே வந்து சொட்டும். அதனால்தான் ஏறக்குறைய எல்லாக் கசிவும் பின் சீல் போலத் தெரிகிறது. ராக்கர் கவரின் பின் மூலை, ஆயில் பிரஷர் ஸ்விட்ச், கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய், கேம் ஷாஃப்டின் பின்முனை அடைப்பு என்று எல்லாவற்றின் ஆயிலும் வந்து சேர்வது கிளட்ச் ஹவுசிங் பக்கம்தான்.

முதல் வேலை, எஞ்சினின் வெளிப்புறத்தை முழுதாகச் சுத்தம் செய்வது. டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், டைனமோ மூன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டீகிரீசர் பூசி, தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கழுவாமல் கசிவு தேடுவது வீண் வேலை. பழைய அழுக்கில் எது நேற்றைய ஆயில், எது பத்து வருடத்துக்கு முந்தையது என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு சந்தேகம் உள்ள இணைப்புகளில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, அதே இடத்தில் நிறுத்தி ஓடவிட்டுப் பாருங்கள். கொட்டகைக் கதவு திறந்திருக்கட்டும், புகை விஷம். டை, தளர்ந்த சட்டைக்கை, ஃபேன் மூன்றும் சேரக் கூடாது. வெள்ளைப் பவுடரில் எங்கே முதலில் கறை ஏறுகிறதோ அதுதான் இடம். ஒன்றும் தெரியவில்லையென்றால் 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும் இடங்களில் எது மிக உயரமாக, மிக முன்னால் இருக்கிறதோ அதை மட்டும் சரிசெய்யுங்கள். மறுபடி கழுவி, மறுபடி பாருங்கள். ஒரே நாளில் நான்கு சீலை மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

இப்படியும் பிடிபடாத கசிவுக்கு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் இருக்கிறது. ஒரு சிறு குப்பி ஊற்றி ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கடித்தால் ஆயில் வந்த தடம் பச்சை மஞ்சளாக மின்னும். மெல்லிய கசிவுக்கு இதை மிஞ்சியது இல்லை.

பலரும் விட்டுவிடும் இடங்கள் சில உண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடி வளையம், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் பூட்டிய இடம், டிரெய்ன் நட்டின் செம்பு வாஷர். டப்பா வகை ஃபில்டரில் புது ரப்பர் வளையம் போடும்போது பழையது பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு இருப்பது அடிக்கடி நடக்கும்; இரண்டு வளையம் சேர்ந்தால் ஓட ஆரம்பித்த சில நிமிடத்திலேயே ஆயில் பீறிடலாம். பீட்டில் வைத்திருப்பவர்கள் புஷ்ராட் குழாய்களின் இரு முனை சீல்களையும் பாருங்கள்.

சீலை மாற்றினேன், மறுபடி கசிகிறது. வேறு என்ன இருக்க முடியும்?

பிரீதர். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு எப்படியாவது வெளியேறியே ஆக வேண்டும். அதற்காக வைத்த வழி பிரீதர். பழைய கார்களில் அது கீழ்நோக்கி நீளும் ஒரு வெறும் குழாய். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்த வாயுவை உறிஞ்சும். நின்றுகொண்டு ஓடும்போது ஏறக்குறைய வேலையே செய்யாது. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்த வாயுவை இன்டேக் வழியாக உறிஞ்சி எஞ்சினுக்குள்ளேயே எரிக்க அனுப்பும் பிசிவி வால்வ் அமெரிக்க கார்களில் பரவியது. எந்த வகையானாலும் அதன் வழியில் உள்ள கம்பி வலையோ சல்லடையோ வால்வோ கசடால் அடைபடும். அடைபட்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால், எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் பலவீனமான இடம் வழியாக ஆயிலைத் தள்ளும். ஈரமான வாயுவும் உள்ளேயே தங்குவதால் கசடும் பெருகும். கசடு பெருகினால் பிரீதர் இன்னும் அடைபடும். இந்தச் சுழல்தான் கசடையும் கசிவையும் ஒன்றாக்குகிறது.

சோதிப்பது சுலபம். எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். பிசிவி இருந்தால் காகிதம் லேசாக ஒட்டிக்கொள்ள வேண்டும். வெறும் குழாய் வகையில் லேசாகப் படபடக்கலாம். தூக்கி எறிந்தால், புஸ் புஸ்ஸென்று புகை வந்தால், பிரீதர் அடைப்பு அல்லது ரிங் தேய்மானம். பிரீதரைக் கழற்றி ஊறவைத்துக் கழுவி, வாயால் ஊதினால் தடையில்லாமல் காற்று போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்போதும் அழுத்தம் இருந்தால் கம்ப்ரஷன் சோதனைக்கு (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளப்பது) போகலாம். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுச் சோதிக்கும்போது அளவு நன்றாக ஏறினால் குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட் கேஸ்கெட்டில்.

ரிங் போன எஞ்சினில் சீல் மாற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

பின் சீல்தான் என்று உறுதியாகிவிட்டது. இனி?

முதலில் உங்கள் எஞ்சினில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டல் இல்லை. மோரிஸ் மைனரில் வந்த பிஎம்சி ஏ சீரிஸ், மூன்று பேரிங் கொண்ட பி சீரிஸ் போன்ற எஞ்சின்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலே இல்லை. கிராங்க்கில் வெட்டிய திருகு மரை, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும், அதனால் நிறுத்திய பிறகு சில சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அதிகமாகச் சொட்டினால் பேரிங் தேய்மானத்தையும் பிரீதரையும் பாருங்கள்.

வேறு பல எஞ்சின்களில் கிராஃபைட் ஏற்றிய கயிறு சீல். அதை ஆயிலில் ஊறவைத்து, பள்ளத்தில் உருளைக் கட்டையால் அழுத்தி உட்கார வைத்து, முனைகளைக் கூரான பிளேடால் சமமாக வெட்ட வேண்டும். பொறுமை இல்லாதவர் செய்தால் முதல் நாளே கசியும். ரப்பர் உதடு வைத்த சீல் என்றால், பழைய சீல் கிராங்க்கில் தேய்த்த பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால், புது சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கவோ மெல்லிய உலோக உறை போடவோ வேண்டும்.

பல ஆங்கிலேய கார்களில் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். கசிவை நிறுத்த அதை எம்-சீல் போட்டு அடைத்தவர்கள் உண்டு! துளை அடைபடாமல் இருக்கத்தான் அந்தப் பின் ஆடுகிறது. அடைத்தால் ஆயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் தட்டை நனைக்கும்.

பேக்கிங் போடும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதை விடக் குறைவாக. தகர ராக்கர் கவரையும் சம்பையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் குழிந்து, துளைகளுக்கு நடுவில் இடைவெளி விழும். ஏற்கெனவே குழிந்திருந்தால், தட்டையான கட்டையின் மேல் வைத்துச் சிறிய சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டுப் பூட்டுங்கள். கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கிப் போல்ட் துளைகள் பொருந்தவில்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். பழைய அளவுக்கு வரும். கவர் பக்கம் மட்டும் ஒட்டி, எஞ்சின் பக்கம் ஒட்டாமல் விட்டால் அடுத்த முறை கழற்றுவது எளிது.

சிலிகானைப் பிதுக்கிப் பிதுக்கி வைப்பது வேண்டாம். வெளியே தெரியும் அளவுக்கே உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்தால் போய்ச் சேரும் இடம் ஸ்ட்ரெய்னர்.

பழைய பேக்கிங்குகளிலும் கயிறு சீல்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காய்ந்த நிலையில் சுரண்டவோ காற்றடிக்கவோ கூடாது. நனைத்து, முகக்கவசம் போட்டு எடுங்கள்.

கசிவை நிறுத்தும் மருந்து?

விறைத்த ரப்பரைச் சற்று வீங்கவைக்கும், அவ்வளவுதான். கார்க், கயிறு, திருகு மரை எதற்கும் அது பயன்படாது.

எந்த ஆயில் போடலாம்?

கையேட்டில் உள்ள கனத்தைப் பின்பற்றுங்கள். 1960, 70களின் பல எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். நவீன கார்களுக்கான 0டபிள்யூ-20 வகை மெல்லிய ஆயில்கள் இவற்றின் பேரிங் இடைவெளிக்கு ஏற்றவை இல்லை. தட்டை டாப்பெட் வைத்த கேமுக்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்க்கை தேவை. 2004இல் வந்த, அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்எம் என்ற ஆயில் தரத்தில், மெல்லிய வகைகளுக்குப் பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதமாகக் குறைந்தது. பழைய கார்களுக்கென்று விற்கும் ஆயில்களில் இது 0.10 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கும், அது போதும். தனியாகக் குப்பி வாங்கி மேலும் மேலும் கலப்பதில் லாபம் இல்லை.

சிந்தெடிக் ஆயில் போட்டால் கசியும் என்ற பேச்சு, 1970களின் ஆரம்பகால சிந்தெடிக்குகள் சில சீல்களைச் சுருக்கியதிலிருந்து வந்தது. இன்றைய ஆயில்களில் அந்தக் குறை இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓட்டை உள்ள இடத்தில் எந்த ஆயிலும் கசியும்.

ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. எங்கே போகிறது?

எரிகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை குபுக்கென்று வந்தால் வால்வ் கைடு அல்லது அதன் சீல். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங். கைடைச் சந்தேகிக்கும் முன் ஹெட்டின் இறங்கு துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

எவ்வளவு கசிவு வரை விட்டுவிடலாம்?

இரவுக்கு இரண்டு மூன்று சொட்டு என்றால் ஒரு தட்டை வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் போதும். அந்தக் காலத்து எஞ்சினைச் சொட்டே இல்லாமல் ஆக்கப் போய், நன்றாக ஓடுவதைப் பிரித்துப்போட்டவர்கள் நிறைய. ஆனால் அளவை விட இடம் முக்கியம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழும் ஒரு சொட்டு தீ விபத்துக்குப் போதும். கிளட்ச் நழுவினாலோ, பிரேக் பக்கம் ஆயில் தெரிந்தாலோ, பிரஷர் குழாய் வழியாகப் பீறிட்டாலோ வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். குழாய்க் கசிவு கசிவாக நீடிக்காது. வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலி.

வழித்தெடுத்த கசடையும் அழுக்கு மண்ணெண்ணெயையும் என்ன செய்வது?

சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றக் கூடாது, எரிக்கவும் கூடாது. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிச் சுத்திகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மண்ணெண்ணெய் கலந்ததைத் தனியாக வைத்து, கலந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். பயன்படுத்திய எஞ்சின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் அபாயம் உண்டு, எனவே வேலை முழுக்கக் கையுறை வேண்டும். ஆயில் நனைந்த துணியைப் பையில் திணித்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.